நல்ல துணி

தணிகாசலத்துக்குப் புத்தூர் ஸ்டேஷன் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ. ஸ்டூடியோவின் பின்கட்டுதான் வீடு. அந்த வீட்டுக்கு அம்சவேணி வாழ வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் அவள் மனசில் ஒரே ஓர் ஆசைதான். வெளியூருக்குப் படம் எடுக்கப் பெரிய கேமரா புறப்படும்போது தானும் கூடப் புறப்பட வேண்டும்.

அநியாய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கேமரா கபில தீர்த்தத்துக்குப் போயிருக்கிறது, நகரி மலையில் ஏறி இறங்கியிருக்கிறது, தலைக்கோனை அருவியின் சாரலில் நனைந்திருக்கிறது. அம்சவேணி பார்த்ததோ பிறந்த ஆலப்பேட்டு ஏரியும் வாழ வந்த புத்தூர்ச் சந்தையும். மரப்பெட்டிக்குக் கொடுத்துவைத்தது மனுஷிக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றால் கோபம் வருமா, வராதா?

கேட்டால் தணிகாசலத்திடம் ஒரே பதில்.

"மலைமேல கடையா வெச்சிக்கினு கீறாங்க? ஒரு சாமான் மறந்தா அவ்ளோதான், போன வேலை போச்சு. கங்கையா ஆறு வருஷமா தூக்கறான். அவனுக்குத்தான் அது தெரியும்."

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. அது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற கேமரா அல்ல. தேக்கு உடம்பு, பித்தளைத் திருகு, இழுத்தால் முழ நீளம் நீளுகிற தோல் துருத்தி. ஃபிலிம் சுருள் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு. ஒவ்வொரு தட்டையும் வெளிச்சம் படாமல் ஒரு மரச்சட்டத்துக்குள் அடைத்து எடுத்துப்போக வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ஸ்லைடு என்று பெயர். இது போக ஆள் உயரத்துக்கு மூன்று கால் ஸ்டாண்டு. எல்லாம் சேர்ந்து இரண்டு மணங்கு கனம். கைதவறினால் கண்ணாடி, கண் தவறினால் கறுப்புப் படம்.

இதையெல்லாம் தூக்கிப்போகிற கங்கையா ஒரு வியாழக்கிழமை புளியமரத்திலிருந்து விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டான். எங்கெங்கோ எலும்பு முறிந்தவர்கள் எல்லாம் ரயிலேறிப் புத்தூருக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறார்கள். கங்கையா புத்தூரிலேயே விழுந்ததில் ரயில் டிக்கெட் மிச்சம், அவ்வளவுதான். கட்டுப் போட்டவர் நாற்பது நாள் சுமை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையோ பெரிய வேலை. அதுவும் அம்சவேணி பிறந்த ஊரில்.

விஜயபுரத்துப் பக்கம் ஓர் ஏரி. ஏரிக்கு இந்தக் கரையில் ஆலப்பேடு, அந்தக் கரையில் கொத்தூர். இரண்டு ஊருக்கும் ஒரே அம்மன், ஒரே சந்தை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒருவருக்கொருவர்தான். இப்போது எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, அடுத்த வெள்ளிக்கிழமை, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆலப்பேடு மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்கு என்றும் கொத்தூர் ஆந்திராவிலேயே இருக்கும் என்றும் சர்க்கார் சொல்லிவிட்டது. சர்க்கார் பிரிப்பதைப் பிரிக்கட்டும், அதற்கு முன்னால் இரண்டு ஊரும் சேர்ந்து அம்மனுக்குப் பொங்கல் வைத்து, ஒன்றாய் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கொத்தூர்ப் பெரியவர் ரங்கையா தானே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். இருநூறு பேர். எதிரே இருக்கும் குன்றின் மேலிருந்து எடுத்தால்தான் எல்லாரும் அடங்குவார்கள். சின்னக் கேமராவில் எடுத்தால் மூஞ்சி எல்லாம் கடுகாகிவிடும். பெரிய கேமராதான் போக வேண்டும்.

"நான் தூக்கறேன்" என்றாள் அம்சவேணி.

தணிகாசலம் சிரித்தான்.

"எதுக்கு சிரிக்கறீங்க? கல்லக்கா மூட்டைய வரப்பு மேல கையைவுட்டு நடந்து தூக்கினவ நானு. ஒரு சாமான் குறையாம, ஒரு கண்ணாடி உடையாம மேல கொண்டாந்து எறக்கறேன். எறக்கிட்டா, இனிமே எல்லா ஊருக்கும் நான்தான் வருவேன். அடுத்த மாசம் சந்திரகிரிக் கோட்டைக்கும் நான்தான்."

"குறைஞ்சா?"

"குறைஞ்சா, ஜென்மத்துக்கும் கேக்கமாட்டேன்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அம்சவேணிக்கு வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் பொடிநடையாக வரும். ஆலப்பேட்டுப் பெண்களே அப்படித்தான் என்று கொத்தூரில் சொல்லுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானமே கட்ட உட்கார்ந்துவிட்டாள். கங்கையா ஸ்லைடுகளைப் படுக்கவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் கோணி போடுவான். மாதத்துக்கு ஒரு தட்டாவது உடையும். அம்சவேணி வளையல்காரன் பெட்டியைப் பார்த்தவள். கண்ணாடியை நிறுத்திவைத்தால் குலுக்கலைத் தாங்கும், படுக்கவைத்தால் தன் கனத்தாலேயே உடையும் என்று அவளுக்குத் தெரியும். ஆறு ஸ்லைடுக்கும் இடம் விட்டு, இடைக்கு இடை வைக்கோல் பிரியை நுழைத்து, செருகினால் அசையாமல் நிற்கும்படி செய்தாள். கேமராத் துருத்தியை மூடி, திருகுகள் தானாகக் கழன்று விழாமல் நூல் சுற்றினாள். லென்ஸைப் பிறந்த குழந்தையைப்போல் பழைய வேட்டியில் பொதிந்தாள். பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு சத்தம் இல்லை.

விடிந்ததும் பஸ். தணிகாசலம் இருட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு விளக்கில் கண்ணாடித் தட்டுகளை ஸ்லைடில் அடைத்துக்கொண்டிருந்தான். அப்போது கதவைத் திறந்தால் அத்தனை தட்டும் பாழ். அதனால் பேச்செல்லாம் மூடின கதவு வழியாகத்தான்.

"அம்சா! கேமரா?"

"வெச்சாச்சு."

"லென்சு? மூடி?"

"வெச்சாச்சு, வெச்சாச்சு."

"ஸ்டாண்டு?"

"கரும்புக் கட்டு மாதிரி கட்டி வெச்சிட்டேன்."

"நல்ல துணி?"

"இன்னா துணி?"

"நல்ல துணிடி! அதான் முக்கியம். எல்லாத்துக்கும் மேலாக வை. மலைமேல போனதும் மொதல்ல அதான் வேணும்!"

அம்சவேணி அப்படியே நின்றுவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் என்ன உடுத்தினாள், என்ன பூ வைத்தாள் என்று ஒரு நாள் பார்த்தவனில்லை அந்த மனுஷன். ஊரார் முகத்தின் நெளிவு சுளிவெல்லாம் பார்க்கிறவனுக்குப் பெண்டாட்டி முகம் மட்டும் கண்ணில் படாது. இப்போதோ, பிறந்த வீட்டுக்குப் போகிறாளே, சுமை தூக்கி வேர்த்த சேலையோடு சொந்தக்காரர்கள் முன்னால் நிற்கக் கூடாதே என்று அவனுக்கே தோன்றியிருக்கிறது! அதுவும் அதுதான் முக்கியமாம்! டிரங்குப் பெட்டியைத் திறந்து, வீட்டிலிருந்த ஒரே நல்ல துணியை, அரக்கு நிறக் கல்யாணக் கூறைப்புடவையை எடுத்தாள். கேமராப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தாள். ஸ்லைடுகள் வந்ததும் புடவையை ஒதுக்கி அவற்றைச் செருகி, மறுபடி மேலே போட்டு மூடினாள்.

பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைக் கூரைமேல் ஏற்றச் சொன்னார். அம்சவேணி மடியை விட்டு இறக்கமாட்டேன் என்றாள். "உள்ள இன்னாம்மா, கொழந்தையா?" என்று அவர் கேட்க, "ஆறு கொழந்தைங்க" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. தணிகாசலம் மட்டும் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்தபடி ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடித் திறந்துகொண்டு வந்தான்.

குன்றின் அடிவாரத்தில் அவள் தலையில் சும்மாட்டைச் சுருட்டி வைத்து, பெட்டியை ஏற்றிக்கொண்டாள். பாதை என்று பெயர்தான், பாறையும் சப்பாத்திக்கள்ளியும். அவள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஏறினாள். கழுத்து அசையவில்லை. பின்னால் தணிகாசலம் ஸ்டாண்டோடு மூச்சிரைத்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்து, தானே இரண்டு தடவை வழுக்கினான். கீழே ஏரிக்கரையில் பொங்கல் புகை எழுந்துகொண்டிருந்தது. சலவைச் சட்டையும் பட்டுச் சேலையுமாக ஊர் சேர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அம்சவேணி எந்தச் சுமையையும் தூக்கியதில்லை.

உச்சிப் பாறையில் பெட்டியை இறக்கினாள். தணிகாசலம் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். ஆறும் பத்திரம். லென்ஸில் ஒரு தூசி இல்லை. கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிப் பூட்டினான். அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது.

"பரவால்லியே!" என்றான். "சரி, துணிய குடு."

"இப்பவேவா? இங்கியேவா?" அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை. "கீழ போயி கட்டிக்கிறேனே."

"கட்டிக்கிறியா? எதுக்கு நீ கட்டிக்கிற? நான் தலையில போட்டுக்கணும்!"

அவள் கூறைப்புடவையை எடுத்துக் காட்டினாள். தணிகாசலம் புடவையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி புடவையைப் பார்த்தான்.

"இது இன்னாது?"

"நல்ல துணி. இதைவுட நல்ல துணி நம்ம வூட்ல ஏது?"

தணிகாசலம் தலையில் கைவைத்துப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இதுதான். அவன் தொழில் பழகியது திருப்பதியில், ஒரு தெலுங்கு முதலாளியிடம், ஒன்பது வருஷம். பேச்சு தமிழ்தான், ஆனால் தொழில் என்று வந்தால் நிறமெல்லாம் தெலுங்கில்தான் வாயில் வரும். சிவப்பு விளக்கு அவனுக்கு எர்ர லைட்டு. வெள்ளைக் காகிதம் தெல்லக் காகிதம். தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. படம் பிடிக்கிறவன் தலையோடு கேமராவை மூடிக்கொள்கிறானே, அந்தக் கறுப்புத் துணியைத்தான் அவன் கேட்டான். அதுவோ இருட்டறைக் கதவின் ஆணியில், அவன் முதுகுக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக் கேமராவில் கறுப்புத் துணியை ஆணி வைத்தே அடித்திருப்பதால், அது தனியாகக் கட்ட வேண்டிய சாமான் என்பதே அம்சவேணிக்குத் தெரியாது. அவளுக்கும் தெலுங்கு வரும், வராமல் என்ன? தெலுங்குக்காரர் வாயில் வந்திருந்தால் சட்டென்று புரிந்திருக்கும். தாலி கட்டியவன் தமிழில் துணி என்று சொல்லும்போது முன்னால் இருக்கும் நல்ல மட்டும் தெலுங்கு என்று எந்தப் பெண்டாட்டிக்குத் தோன்றும்?

துணி இல்லாமல் முடியாதா என்றால், முடியாது. கேமராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில்தான் உருவம் விழும். அதைப் பார்த்துத்தான் தெளிவு சரிசெய்ய வேண்டும். பங்குனி வெயில் அதன்மேல் நேராக அடித்தது. தணிகாசலம் கையால் மறைத்தான், மேல்துண்டால் மறைத்தான். வெள்ளைத் துண்டுக்குள் வெயில் அப்படியே வந்தது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னா மாப்ளே, லேட்டு?" என்று கீழேயிருந்து அம்சவேணியின் அப்பா முனிகிருஷ்ணன் குரல் கொடுத்தார்.

"உங்க பொண்ணு நல்ல துணிய வுட்டுட்டு வந்துட்டா மாமா!"

"நைனா, பொய்யி! நல்ல துணிதான் கொண்டாந்தேன். இதோ பாரு!" என்று அம்சவேணி புடவையை விரித்துக் காட்டினாள்.

கீழே ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ரங்கையாதான் முதலில் ஆரம்பித்தார். "நல்லண்ட்டே நலுப்பே கதா! கறுப்புதானேம்மா! அல்லுடு சொன்னது ரைட்டு!"

"அதெப்படி?" என்றார் முனிகிருஷ்ணன். "துணின்னு தமிழ்ல சொன்னா நல்லதும் தமிழ்தான். எம் பொண்ணு சொன்னதுதான் ரைட்டு!"

கொத்தூர் முழுக்க மாப்பிள்ளை பக்கம். ஆலப்பேடு முழுக்கப் பெண் பக்கம். இரண்டு வருஷமாகக் கமிஷன் வந்தபோதும் சர்வேக் கல் நட்டபோதும் சண்டை போடாத இரண்டு ஊரும் அன்றைக்கு ஒரு துணிக்காக ஏரிக்கரையில் நின்று மல்லுக்கட்டின. இதில் வேடிக்கை, ஆலப்பேட்டுக்காரர்கள் பாதிப் பேர் தெலுங்கிலும் கொத்தூர்க்காரர்கள் பாதிப் பேர் தமிழிலும் வாதாடினார்கள். கொஞ்ச நேரத்தில் யார் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கே மறந்துபோய் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாமான் குறைந்துவிட்டது. சொன்ன சொல் சொன்னதுதான். சந்திரகிரி போயிற்று, தலைக்கோனை போயிற்று. இனிமேல் நாற்பது நாள் கழித்துக் கங்கையா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான், அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதோடு கோபமும் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கூறைப்புடவையை உதறினாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். காஞ்சிபுரத்துக் கனப்பட்டு, அடர்ந்த அரக்கு. எட்டு மடிப்புக்கு வெயில் எப்படிப் போகும்?

"ஐயோ, கல்யாணப் பொடவைடி! கையெல்லாம் மருந்துக் கறை!"

"கறை பட்டா படட்டும். குனிங்க!"

அவன் குனிந்தான். அவள் போர்த்தினாள். பட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி போர்த்தினாள், மறுபடி இறங்கியது. ஆள் ஒருத்தர் உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்று தெரிந்ததும் அம்சவேணி தானும் உள்ளே நுழைந்து, இரண்டு முனையையும் கழுத்தடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஊரே பார்க்க ஒரே புடவைக்குள் புருஷனும் பெண்டாட்டியும். கீழேயிருந்து விசில் பறந்தது.

உள்ளே இருட்டு. அந்த இருட்டில், கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில், அவள் ஊர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏரி மேலே, வானம் கீழே. இருநூறு பேரும் வௌவால் மாதிரி தொங்குகிறார்கள். அதுவும் கலரில்! போட்டோ என்றால் கறுப்பு வெள்ளை என்று நினைத்திருந்தாளே, பொங்கல் புகை நீலமாய் அசைகிறது, சேலைகள் மஞ்சளும் பச்சையுமாய் மின்னுகின்றன. இத்தனை நாள் இந்த மனுஷன் இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தானா?

"ஒண்ணும் புரியல அம்சா" என்றான் தணிகாசலம். வெயிலைப் பார்த்துப் பார்த்து அவன் கண் பூத்துப்போயிருந்தது. "மசமசன்னு கீது. திருகை எங்க நிறுத்தறதுன்னே தெரியல."

"திருகுங்க, நான் பாக்கறேன். இன்னும் கொஞ்சம். கொஞ்சம் பின்னாடி. ஆங், நிறுத்துங்க! ரத்தினம்மா அத்தை மூக்குத்தி தெரியுது."

"மூக்குத்தியா?"

"ஏழுகல்லு மூக்குத்தி. ஆனா நைனா பாதிதான் கீறாரு. இந்தப் பக்கம் ஓரத்துல."

அவன் கேமராவைத் துளி திருப்பினான். முனிகிருஷ்ணன் முழுசாக வந்தார். தேய்த்த கண்ணாடியில் மூக்குத்தியைக் கண்டுபிடித்த ஆளை அவன் இதுவரை பார்த்ததில்லை. ஆறு வருஷத்தில் கங்கையா ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

மூன்று தட்டு எடுத்தான். லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் ஒரு கோவிந்தா சொல்லி, மூடியைத் திரும்பப் போட வேண்டும். திருப்பதி முதலாளியின் கணக்கு அது. மூன்றாவது முடிந்ததும் ரங்கையா கையைத் தூக்கினார்.

"அல்லுடு! ரெண்டு ஊருக்கும் மாப்ள நீ. நீ இல்லாம இன்னா போட்டோ? எறங்கி வா!"

"நான் வந்தா மூடிய யாரு கழட்டறது?"

"நான் கழட்டறேன்" என்றாள் அம்சவேணி.

தணிகாசலம் அவளைப் பார்த்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான் என்றும் சொல்லலாம். நாலாவது ஸ்லைடைச் செருகிக் கொடுத்து, சரசரவென்று பாறையில் இறங்கி ஓடினான்.

"நீ வரலியாடி?" என்று கீழேயிருந்து கத்தினாள் ரத்தினம்மா.

"யாராவது ஒருத்தர் மேல நிக்கணும் அத்தே!"

சட்டத்தின் மறைப்பை மெல்ல மேலே இழுத்தாள். மூடியில் கை வைத்தாள். "யாரும் ஆடாதீங்க!" என்று அவள் போட்ட அதட்டலில் இரண்டு ஊரும் கல்லாகின. கழற்றினாள். கோவிந்தா. போட்டாள்.

அன்று சாயங்காலம் இருட்டறையில் இருவரும் நின்று தட்டுகளைக் கழுவினார்கள். முதல் தட்டில் பாதிப் பேர் சிரித்து ஆடியிருந்தார்கள். இரண்டாவதில் ரங்கையா கண்ணை மூடியிருந்தார். மூன்றாவது சுத்தம். நாலாவதைத் தூக்கி விளக்கில் பிடித்ததும் அம்சவேணி கூர்ந்து பார்த்தாள். இருநூறு பேர் அச்சு அசலாக நின்றார்கள். கைக்குழந்தைகூட அசையவில்லை. நடுவில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் ரெண்டு தலை, மூணு கண்.

"யாருங்க இது?"

தணிகாசலம் வாங்கிப் பார்த்தான். ஊர் ஊராகப் போய் ஆடாதே ஆடாதே என்று உயிரை விட்டவன், பெண்டாட்டி மூடியைப் போட்டாளா என்று எட்டிப் பார்த்திருக்கிறான். கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு அவனுக்கே அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் தளும்பியது. மறுநாள் இரண்டு ஊர்க்காரர்களும் வந்து நாலையும் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை ஆடினால் ஆடட்டும், எங்களுக்கு இதுதான் வேண்டும் என்று நாலாவதைத்தான் கேட்டார்கள்.

ஆனால் அது மறுநாள் கதை. அன்றைக்கு இருட்டறையில் சிரித்து ஓய்ந்ததும் தணிகாசலம் தட்டைக் காயவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"சந்திரகிரிக்கு ஆறு ஸ்லைடு பத்தாது. எட்டா கட்டு. ரெண்டு உனக்கு."

அம்சவேணிக்குச் சந்தோஷம் பொங்கியது. உடனே சொன்னாள்:

"சரிங்க. ஆனா நான் எடுக்கும்போது நீங்க மட்டும் எதிர்ல வந்து நிக்காதீங்க."